பாவாடை கத்தாத ஆட்டம்

லிஃப்ட் கதவை மூடும் முன் லிஃப்ட்மேன் பாவாடை உள்ளே நிற்கும் கால்களையெல்லாம் ஒரு நோட்டம் விடுவார். முகத்தைப் பார்ப்பதில்லை. பெரிய டாக்டரானாலும் சரி, சாத்துக்குடிப் பையோடு வந்த சொந்தக்காரரானாலும் சரி, அவருக்கு எல்லோரும் செருப்பும் ஷூவும்தான். “அந்தப் பச்ச செருப்பு, கொஞ்சம் உள்ள வாம்மா” என்பார். பச்சைச் செருப்பு நகரும். கதவு மூடும்.

கதிர்காமம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக அவருக்கு இதுதான் வேலை. நான் அங்கே மூன்றாம் மாடியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. படிக்கட்டு இருந்தும் லிஃப்டில் போவது அதனால்தான்.

ஹாக்கி தெரிந்தவர்களுக்கு அவர் ‘ஃபுட்டு’ பாவாடை. ஆடுபவரின் காலில் பந்து பட்டு அவருக்குச் சாதகமாகிவிட்டால் ஹாக்கியில் அது தப்பு. பட்ட மறுகணம் கோட்டுக்கு வெளியே நின்று “ஃபுட்டு!” என்று இவர் போடும் சத்தத்தில் நடுவரின் விசில் தானாக வாய்க்குப் போய்விடும். அவருடைய அணி வெண்புறா ஹாக்கி கிளப். ஆனால் கால் விஷயத்தில் நம்ம ஆள், எதிராளி என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. எட்டு வருடம் முன்பு சொந்த அணிக்காரன் காலில் பட்டதற்கும் இதே சத்தத்தைப் போட்டார். விழுந்த கோல் செல்லாமல் போய் வெண்புறா தோற்றது. மூன்று மாதம் கிளப்பில் ஒருத்தரும் அவரோடு பேசவில்லை. “பட்டுச்சு, சொன்னேன். இதுல இன்னா கீது?” என்று அவர்பாட்டுக்கு அடுத்த ஆட்டத்துக்கும் போய் நின்றார்.

ஆட்டம் பார்க்கும்போது உட்கார மாட்டார். கை தட்ட மாட்டார். கோல் விழுந்தால் சட்டைப் பையிலிருந்து ஓர் இஞ்சி மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான் கொண்டாட்டம். வெளியூர் ஆட்டமென்றால் லீவு போட்டுவிட்டுச் சொந்தச் செலவில் பஸ் ஏறிவிடுவார். வெளியூரில் வெண்புறா கோப்பை ஜெயித்துப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. “தோக்கறதப் பாக்க இவ்ளோ தூரம் போவணுமா” என்று அவர் மனைவி அமிர்தவல்லி புளிச்சோறு கட்டிக்கொண்டே கேட்பாராம். கேட்பாரே தவிர, கட்டாமல் விட்டதில்லை.

கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் நடந்த இறுதியாட்டத்தில் வெண்புறா இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துக் கோப்பையோடு வந்தது. திங்கட்கிழமை காலை லட்டு நிச்சயம் என்று நான் நாக்கைத் தீட்டிக்கொண்டு போனேன். மனிதர் உம்மென்று நின்றார். மூன்றாம் மாடியில் இறங்க வேண்டிய என்னை நான்காம் மாடியில் கொண்டுபோய் விட்டார். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பதினொரு வருடம் கழித்து ஜெயித்திருக்கிறார்கள், இந்த ஆளுக்கு என்ன வந்தது?

லிஃப்டில் ஒருவரிடம் கதை கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாடிக்கு மாடி கதவு திறக்கும், யாராவது ஏறுவார்கள், அவர் வாயை மூடிக்கொள்வார். மூன்று நாள் வேலையே இல்லாமல் ஏறி இறங்கியதில் விஷயம் வெளியே வந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு கோல். வெண்புறாவின் முன்வரிசை ஆட்டக்காரன் முகிலன் கோலுக்கு எதிரே நிற்கிறான். பக்கவாட்டிலிருந்து வந்த பந்து அவன் காலில் பட்டு மட்டைக்கு முன்னால் விழுகிறது. தள்ளினான், கோல். நடுவருக்கு இரண்டு பேர் குறுக்கே நின்று மறைத்துவிட்டார்கள். பத்தடி தூரத்தில் நின்ற பாவாடைக்கு யாரும் மறைக்கவில்லை.

“கத்தினீங்களா?” என்றேன். கீழ்த்தளம் வந்து கதவு திறந்துவிட்டது. மறுநாள் காலை, நான் கேட்காமலே, காலி லிஃப்டில் சொன்னார்.

“வாயத் தொறந்தேன் சார். சத்தம் வர்ல. வர்லன்னு சொல்றது பொய்யி, நாந்தான் வுடல. பதினோரு வருசம் சார். பசங்க ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிக் குதிக்கிறானுங்க. நானும் அழுதுட்டேன், சந்தோசத்துலதான் அழுதேன். பஸ்ஸு ஏறனப்புறம் இஞ்சி முட்டாய எடுத்தேன், வாயில போட மனசு வர்ல.”

எட்டு வருடம் முன்பு காட்டிக்கொடுத்தவருக்கு இப்போது என்ன வந்தது என்று எனக்கு வியப்பு. அவருக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. பந்து காலில் பட்டது முகிலனுக்குத் தெரியுமா? ஹாக்கிப் பந்து கல் மாதிரி இருக்குமே, தெரியாமல் எப்படி என்றேன். ஆட்டச் சூட்டில் விரல் உடைந்ததே தெரியாமல் ஆடியவனை அவர் பார்த்திருக்கிறாராம்.

“அவன் தெரியாம அடிச்சிருந்தான்னா அவன் மேல தப்பில்ல. அப்ப அந்தக் கப்புக்கு நான் ஒருத்தந்தான் சார் திருடன்” என்றார். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஜெயித்ததில் சந்தோஷமா என்று கேட்டால் சந்தோஷம்தான் என்பார், அதுவும் பொய்யில்லை.

ஞாயிறு மதியம் கிளப்பில் பந்தல் போட்டு பிரியாணி. அழைப்பில்லாமலே நானும் போனேன். கிளப் செயலாளர் இளஞ்செழியன் மைக்கைப் பிடித்து, வெளியூருக்கெல்லாம் கூடவே வந்த ரசிகருக்குச் சால்வை போடப் போவதாக அறிவித்தார். ரசிகரைக் காணோம். பந்தலுக்குப் பின்னால், ஐஸ் போட்டுக் கூல்டிரிங்ஸ் வைத்திருந்த டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

போட்டோ எடுத்து முடித்த முகிலன் கையில் கோப்பையோடு அங்கே சோடா எடுக்க வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். பாவாடை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எந்தக் காலுப்பா?”

முகிலன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி ஒருமுறை பந்தலைப் பார்த்தான். கோப்பையைத் தரையில் வைத்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினான். கட்டைவிரலிலிருந்து பாதிப் பாதம்வரை கறுத்துக் கன்றியிருந்தது.

“யாராண்டயும் சொல்லல மாமா” என்றான்.

மைக்கில் அவர் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். பாவாடை டிரம்முக்குள் கைவிட்டு இரண்டு கையும் நிறைய ஐஸை அள்ளித் தோள் துண்டில் முடிந்தார். அப்படியே மண் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.