வானத்துக்குப் பதில் போடாதவர்

“நாகூர் மீரானா? காவ் கயா!” என்கிறார் நாகூர் மீரான். ஊருக்குப் போய்விட்டாராம். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசாமிதான் அவர் என்பது தபால்காரர் ஜாதவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், “வந்தால் கொடுத்துவிடுங்கள்” என்று இந்தியில் சொல்லி, கடிதத்தை ஆட்டுத்தோல் கட்டின் மேல் வைத்துவிட்டுப் போகிறார். வருஷக்கணக்கில் இந்த நாடகம் நடக்கிறது. ஊருக்குப் போன மனிதர் இன்னும் திரும்பியபாடில்லை.

தாராவியில் கும்பார்வாடாவைத் தாண்டினால் அவருடைய பட்டறை. முன்னால் தொழில், பின்னால் ஒரே ஓர் அறை, நடுவில் ஒரு திரை. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குத் தோல் உறை தைக்கிறார். சத்தம் வருகிற இடத்தில் பொடிப்பொடியாகத் துளை போடவேண்டுமே, அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு வரிசை கோணிவிட்டாலும் தோலைத் தூக்கி எறிந்துவிடுவார். “பாட்டு கோணலா வரும்வே!” என்பார். இத்தனைக்கும் மனிதரிடம் ஒரு ரேடியோ கிடையாது. அளவு பார்க்க ரேடியோ மாதிரி செதுக்கிய ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறார். உறை தைத்து முடித்ததும் அந்தக் கட்டையை உள்ளே தள்ளிக் காதில் வைத்துப் பார்ப்பார். ஏன் என்று நான் ஒரு தரம் கேட்டேன். அன்று எனக்கு டீ கிடைக்கவில்லை.

கடிதம் என்றால் ஏன் இந்தப் பயம்? ஒரே ஒரு முறை பதில் போட்டதுதான் காரணம். தென்காசிப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர், “நலம், நலமறிய அவா. அங்கே தண்ணீர் வசதி எப்படி?” என்று எழுதியிருந்தார். நம்மவர் நல்ல மனசோடு, “குழாய் வாசலிலேயே இருக்கிறது” என்று எழுதிப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் தாதர் ஸ்டேஷனில் ஒரு குடும்பமே ஆட்டுக்கல்லோடு வந்து இறங்கியது! மழைக்காலம் முழுக்க இங்கேதான் ஜாகை. அதில் ஒரு பெண்ணுக்கு நிக்காஹ்கூட இவர்தான் முன்னின்று நடத்திவைத்தார். யார் அவர்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

“தாராவியில இத்தன பேரு இருக்காவ. அத்தன பயலுவளும் என் விலாசத்துக்கே எழுதுதானே, விலாசத்த எவன்வே குடுக்கான்?” என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். பள்ளிவாசல் கணக்கரையும் மச்சானையும் சந்தேகப்பட்டு இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்திவிட்டார். போதாக்குறைக்கு இப்போது மகள் சாயிரா மான்குர்த்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். முதல் பேரப்பிள்ளை இந்தப் பின்னறையில்தான் பிறக்கவேண்டும் என்று மனிதர் தவம் கிடக்கிறார். அவர் மனைவி நூர் நிஷா திரைக்குப் பின்னாலிருந்து ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார்: “இனி எவனாச்சும் பெட்டியோட வந்து எறங்கினா, நான் மான்குர்த்துக்குப் போயிருவேன். பேரப்புள்ளய அங்கன வந்து பாத்துக்கிடுங்க.”

போன சனிக்கிழமை மத்தியானம் என் நண்பர் சந்திரமௌலியோடு அங்கே போயிருந்தேன். மாட்டுங்காக்காரர், டிராம்பேயில் விஞ்ஞானி. புதிதாக வாங்கிய ரேடியோவுக்கு உறை தைக்கக் கொடுத்திருந்தார். கையில் பேப்பர். வானத்திலிருந்து கடிகாரம் தட்டுகிற மாதிரி தாளம் தப்பாமல் ஒரு துடிப்பு வருகிறதாம், சீமையில் கருவி வைத்துக் கேட்டிருக்கிறார்களாம், வேற்றுலகத்தார் அனுப்பும் சேதியோ என்றுகூடச் சிலர் யோசித்தார்களாம். மனிதர் குழந்தை மாதிரிக் குதித்துக்கொண்டிருந்தார்.

நாகூர் மீரான் ஊசியைக் கீழே வைத்தார். “பதில் போட்டாச்சா?”

“இன்னும் இல்லே பாய். நிஜமா சேதிதான்னு தெரிஞ்சா போட வேண்டியதுதானே? நாம யாரு, எங்கே இருக்கோம், எல்லாம் சொல்லணும்.”

“அல்லாவே! எங்கன இருக்கோம்னுமா சொல்லுவீய?”

“அவா எங்கேயோ இருக்கா பாய். வெளிச்சமே வந்துசேர வருஷக்கணக்காகும். எப்படி வருவா?”

“தூரம்லாம் ஒரு கணக்கா சார்? ஆட்டுக்கல்லத் தூக்கிட்டு வந்தானே, அவனுக்குத் தூரம் தெரியலியா? மொதல்ல தண்ணி இருக்கான்னுதான் கேப்பான். அப்புறம் எத்தன ரூம்புன்னு கேப்பான். அப்புறம் ஆளே வந்துருவான்!”

“பதில் போட வேண்டாம், சரி. சும்மாக் கேட்டா என்ன ஆபத்து?”

“அதுதான் சார் பெரிய ஆபத்து. படிச்சா மனசு எளகிரும்லா?”

சந்திரமௌலி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. சரியாக அந்த நேரம் பார்த்து ஜாதவ் வந்து வாசலில் நின்றார். கையில் ரிஜிஸ்தர் தபால். “நாகூர் மீரான்?”

நம்மவர் வாயைத் திறப்பதற்குள் விஞ்ஞானி, “இதோ, இவர்தான்!” என்று கையைக் காட்டிவிட்டார். படித்தவர் பாருங்கள், பொய் வராது. ஜாதவ் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! “காவ்ஸே ஆகயா?”, ஊரிலிருந்து வந்தாச்சா என்று குசலம் விசாரித்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் போனார்.

நாகூர் மீரான் கடிதத்தைத் தொடவில்லை. “நீங்கதானே வாங்க வச்சீய, நீங்களே படிங்க” என்றார். சந்திரமௌலி தபாலைப் பிரித்து உரக்கப் படித்தார்.

எழுதியிருந்தவர் மேலப்பாளையம் அபுதாஹிர். தறி நின்றுபோய்விட்டது. பம்பாயில் ஒருத்தரையும் தெரியாது. அடுத்த வீட்டு ரேடியோவின் உறையைப் பார்த்தாராம். “தையல் அவ்வளவு சுத்தம். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறவர் நல்லவராகத்தான் இருப்பார்.”

“அந்த வரிய இன்னொருக்கா படிங்க” என்றார் நாகூர் மீரான். சந்திரமௌலி படித்தார்.

அந்த ரேடியோ உறையின் உள்மடிப்பில் விலாசம் குத்தியிருந்ததாம். அதைப் பார்த்துத்தான் எழுதுகிறாராம். சந்திரமௌலி படிப்பதை நிறுத்தினார். தனக்காகத் தைத்து வைத்திருந்த புது உறையை எடுத்து மடிப்பைப் பிரித்தார். ‘நாகூர் மீரான், தோல் வேலை, தாராவி, பம்பாய்-17’ என்று முத்து முத்தாக இருந்தது. பித்தளை அச்சைச் சூடு காட்டி அவரே ஒவ்வோர் உறையிலும் குத்துவது.

“பாய், நீங்கன்னா மொதல்ல சேதி அனுப்பியிருக்கேள்! தேசம் பூரா!”

நாகூர் மீரான் தைத்துவைத்த உறைகளின் குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பாவமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. “மச்சான்ட்ட பேசாம இருந்தேனேய்யா” என்றார் மெல்ல.

கடிதத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. “பதில் போட அவகாசம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. நாங்கள் புறப்பட்டுவிட்டோம். வீட்டில் அவளுக்கு வயிற்றில் பிள்ளை, கூட்டத்தில் நிற்கமாட்டாள். தாதருக்கு யாராவது வந்தால் புண்ணியம்.”

“பதில் போடாட்டாலும் அவா வருவாளா!” என்றார் சந்திரமௌலி. வானத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார் என்று நினைக்கிறேன். முகம் வெளுத்திருந்தது.

நாகூர் மீரான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை மான்குர்த்துக்குப் போவதும் போகாததும் அந்தத் திரைக்குப் பின்னால்தான் இருந்தது.

திரை கொஞ்சம் விலகியது. “எத்தன மாசமாம்?” என்றார் நூர் நிஷா.

“போடலியே” என்றார் சந்திரமௌலி, கடிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

“புள்ளத்தாச்சி ரெண்டும் எங்கூட உள்ள படுத்துக்கிடட்டும். ஆம்பளயாளுவள நீங்க பாத்துக்கிடுங்க.” திரை மூடிக்கொண்டது.

நாகூர் மீரான் எழுந்தார். தோல் கட்டுகளை மூலைக்குத் தள்ளினார். பிறகு வெறுந்தரையில் நீட்டிப் படுத்து, பக்கத்தில் மிஞ்சிய இடத்தைக் கையால் தட்டிக் காட்டி, “சார், செத்த இப்படிப் படுங்க. எடம் காணுதான்னு பாப்பம்” என்றார்.

விஞ்ஞானி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சலவைச் சட்டையோடு போய்ப் படுத்தார். கால் வாசற்படிக்கு வெளியே நீண்டது. நாகூர் மீரான் சுவர்ப் பக்கமாக இன்னும் கொஞ்சம் ஒண்டிக்கொண்டார்.