சோழபுரத்திலிருந்து வந்த வண்டி

எனக்குப் பதினேழு வயதில் முதல் பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்துப்போக என்னைப் பெற்ற அய்யா நாள் பார்த்து வைத்திருந்தார். கணக்குத் தப்பி, அதற்கு முன்பே வலி வந்துவிட்டது. சோழபுரத்தில் என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டிலேயே, நெல்குதிர் இருந்த இருட்டறையில் நாள்கணக்காகக் கிடந்தேன். மருத்துவச்சி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். கடைசியில் பிள்ளை வந்தபோது அதற்கு உயிர் இல்லை. ஆண்பிள்ளை என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் காட்டவில்லை.

என் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. சிறுநீர் நிற்கவில்லை. உட்கார்ந்தாலும் படுத்தாலும் ஒழுகிக்கொண்டே இருந்தது. எத்தனை துணி மாற்றினாலும் நாற்றம் போகவில்லை. என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை என்னை வைக்கோல் கொட்டகைக்கு மாற்றினாள். சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. ஒரு நாள் வண்டியில் ஏற்றி தேவதானத்தில், என் அய்யா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த வைகாசியில் அவருக்கு வேறு கல்யாணம் நடந்தது.

ஊரார் குளித்துக் கரையேறிய பிறகு, என் துணிகளை ஆத்தா வாய்க்காலுக்கு எடுத்துப்போய் அலசுவாள். தெய்வக் குற்றம் என்றார்கள், முன்வினை என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ராஜபாளையத்திலிருந்து துணிமூட்டை கொண்டுவரும் ராவுத்தர் ஒருவர்தான் அய்யாவிடம் சொன்னார்: “ஸ்ரீவில்லிபுத்தூர் மிசன் ஆசுபத்திரியில ஒரு வெள்ளைக்காரத் துரைச்சாணி டாக்டர் இருக்காவ. எங்க வீட்டுப் பொம்பளைகளே அங்கதான் போறாவ. கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. காட்டுனா என்ன குறைஞ்சா போகுது?”

அய்யா மறுநாளே வண்டி பூட்டினார்.

அந்த டாக்டரம்மா நெடுநெடுவென்று உயரம். தமிழை வேதப்புத்தகத்தில் படித்தவர் போலப் பேசுவார். என்னைப் பரிசோதித்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் ஊர் திரும்பிய நாளிலிருந்து ஆத்தாவைத் தவிர யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

“மகளே, இது பாவத்தினால் வந்ததல்ல. பிள்ளையின் தலை வெகுநேரம் ஒரே இடத்தில் அழுத்திற்று. அந்த இடத்தில் சதை செத்து, மூத்திரப்பையிலே துவாரம் உண்டாயிற்று. அதை நான் தைக்கப் பார்க்கிறேன்.”

மயக்க மருந்து கொடுத்துத் தைத்தார். பிறகு உடம்பில் ஒரு குழாயோடு, புரளாமல் பல நாள் படுத்துக் கிடந்தேன். குழாயை எடுத்த மறுநாள் காலையில் விழித்ததும் கையைக் கீழே விட்டுத் தடவிப் பார்த்தேன். விரிப்பு காய்ந்திருந்தது. நம்ப முடியாமல் மறுபடியும் தடவினேன். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. விடிந்து வெகுநேரம் அப்படியே கிடந்தேன்.

படுக்கையில் கிடந்த நாட்களில் எனக்கு ஒரு வேடிக்கை இருந்தது. வெளி வராந்தாவில் நர்சு வேலை படிக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மனிதனுடைய எலும்புகளின் பெயரைப் பாட்டுப் போலச் சொல்வார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி மனப்பாடம். ஊருக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன், என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று.

“எழுத்து தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அதைக் கற்பிக்கலாம். ஆனால் இங்கே எந்தச் சாதிக்காரி கிடந்தாலும் அவள் மலத்தை நீ எடுக்கவேண்டும். யோசித்துச் சொல்.”

என்னை அழைத்துப்போக அய்யா புதுச்சேலையோடு வந்திருந்தார். வேப்பமரத்தடியில் வைத்து அவரிடம் சொன்னேன்.

“அதான் அம்புட்டும் சரியாப் போச்சே. பொறவு என்னத்துக்கு இங்க?”

“ஊருக்கு வந்து என்ன செய்யப் போறேன் அய்யா?”

“நான் இருக்கேன்ல?”

“நீங்க இருக்கிற மட்டும் பாப்பிய. அதுக்குப் பொறவு?”

அய்யா துண்டால் முகத்தைத் துடைத்தார். “பீ மூத்திரம் அள்ளணும்னு சொல்லுதாவளே, ஏட்டி.”

“எனக்கு இங்க அள்ளுனாவள்ல அய்யா.”

அய்யா வண்டியில் ஏறிப் போய்விட்டார். மறுவாரம் வந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கினார். “ஒன் சோத்துக்கு. தனியாப் பொங்கித் தின்னுக்கோ” என்றார். டாக்டரம்மா அந்த அரிசியைப் பொதுச் சமையலில் சேர்க்கச் சொன்னார். தனி அடுப்பு யாருக்கும் கிடையாது. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. மறுநாள் மத்தியானம் பசி தாங்கவில்லை. மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

காலையில் மணி அடித்ததும் ஜெபம். பிறகு கட்டில் கட்டிலாக வேலை. மத்தியானம் பாடம். முதலில் அ, ஆ. அப்புறம் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழாயில் பாதரசம் ஏறும் கோட்டைப் படிக்கப் பழக்கினார்கள். நாடி பிடிக்கவும், புண்ணுக்குக் கட்டுப்போடவும், படுத்திருப்பவளை நோகடிக்காமல் விரிப்பு மாற்றவும் கற்றுக்கொண்டேன். கிருமி கொல்லும் கார்பாலிக் தண்ணீரில் கை கழுவிக் கழுவித் தோல் வெடித்துச் சோற்றில் கை வைத்தால் எரியும். எங்களை மேய்த்தவர் திருநெல்வேலிச் சீமைக்கார மூத்த நர்சம்மா. கடுமையான பேச்சு. ஒரு நாள் மலப்பாத்திரத்தை எடுத்தபோது என் முகம் கோணியதைப் பார்த்துவிட்டார்.

“மூஞ்சியச் சுளிக்காதட்டி. நீ சுளிச்சா கெடக்கவளுக்குத் தெரியும்.”

எனக்கா தெரியாது?

முதல் வருஷம் மம்சாபுரத்துக்காரி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் பிரசவமாகிச் சில நாள் ஆகியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஐஸ் கிடைக்காத ஊர். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டோம். பிள்ளை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளை அவள் பக்கத்திலேயேதான் கிடந்தது. மூன்றாம் நாள் முற்பகலில் உயிர் போயிற்று. அவளைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிடும் வேலை எனக்கு வந்தது. தலை வாரும்போது சீப்பில் கொத்தாக முடி வந்தது. இனி ஒரு நாளும் இந்த வேலை வேண்டாம் என்று அப்போது நினைத்தேன். டாக்டரம்மா சாப்பிட வரவில்லை. ஆனால் மத்தியானம் வழக்கம் போலப் பாடத்துக்கு வந்தார். பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது, அழுக்குக் கை எப்படிக் கொல்கிறது என்று நடத்தினார். நாங்கள் அழுதுகொண்டே எழுதினோம்.

இரண்டாம் வருஷம், பங்குனி வெயில். உச்சிப்பொழுதில் ஒரு வில்வண்டி உள்ளே வந்து நின்றது. கூடவே நடந்து வந்த கிழவி புழுதியும் வியர்வையுமாக நின்றாள். நான் தூக்குக்கட்டிலோடு ஓடினேன். கிழவி திரும்பினாள். சோழபுரத்து அத்தை.

வெள்ளைச் சேலையில் என்னை அவளுக்கு உடனே தெரியவில்லை. தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, நீ இங்கதான் இருக்கன்னு தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்.”

“வண்டியில யாரு அத்த?”

“இளையவதான். நேத்துப் புடிச்ச வலி. மருத்துவச்சி பொறு பொறுங்கா. நான் பொறுக்க மாட்டேன்னு வண்டியப் பூட்டச் சொல்லிட்டேன். ஒன்னயப் பொறுக்க வச்சுத்தான...”

வண்டிக்குள் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். உதடு காய்ந்து, கண் செருகிக் கிடந்தாள். அவள் கழுத்தில் கிடந்த தாலியைத்தான் நான் முதலில் பார்த்தேன். அதே வீட்டுத் தாலி. அவள்மேல் இரக்கம் வரவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அவளைத் தூக்கி உள்ளே கொண்டுபோனேன், அவ்வளவுதான்.

டாக்டரம்மாவிடம் மூத்த நர்சம்மா காதோடு ஏதோ சொன்னார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

“வேண்டுமானால் நீ வெளியே இரு. வேறொருத்தி வரட்டும்.”

“நானே வாரேன்மா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. ஆயுதங்களைக் கொதிக்கவைத்தேன். பிறகு அவள் தலைமாட்டில் நின்று நாடியைப் பிடித்தேன். மயக்கம் ஏறும்வரை அவள் என் மணிக்கட்டை விடவில்லை. “அக்கா, போயிராதிய” என்றாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

டாக்டரம்மா பிள்ளையின் தலையை ஆயுதத்தால் பிடித்து, மெல்ல மெல்ல வெளியே கொண்டுவந்தார். பிள்ளை நீலம் பாரித்திருந்தது. மூச்சில்லை. மூத்த நர்சம்மா அதை வாங்கி வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினார். முதுகைத் தேய்த்தார். எனக்கு என் பிள்ளை ஞாபகம் வந்தது. அதன் முகம் தெரியாததால், இந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு நன்றாகவே அழுதது.

வெளியே வந்தேன். அத்தை வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“பொம்பளப்பிள்ள. ரெண்டு உசுரும் சொகம்.”

அவள் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. “அவளுக்கு... அந்த மாதிரி ஒண்ணும் ஆகலையே?” என்றாள்.

“ஆகல அத்த. டாக்டரம்மா பாத்துட்டாவ.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வந்தார். அவரை அப்படித்தான் எழுத வருகிறது. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். “எந்தப் பக்கம்?” என்று கேட்டார். கையைக் காட்டினேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை.

அந்தக் கட்டில் என் பொறுப்பில் இருந்தது. விரிப்பு மாற்றினேன், உடம்பு துடைத்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி யாரோ சொல்லியிருக்கவேண்டும். ஒரு சாயங்காலம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்கதானா அது?”

“நாந்தான்.”

“எம்மேல கோவமா?”

“இருந்துச்சு” என்றேன். விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். “பிள்ளையத் தூக்கு. பால் கட்டிக்கிட்டா ஒனக்குத்தான் வலி.”

அவள் தூக்கினாள். பிள்ளைக்குக் காம்பைப் பிடிக்கத் தெரியவில்லை. நான் குனிந்து தலையைத் தாங்கிக் காட்டிக்கொடுத்தேன்.

ஊருக்குப் புறப்பட்ட அன்று அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “நீயும் வந்துரு. ரெண்டு பேரும் இருங்க. நான் சொன்னா அவன் கேப்பான்.”

“எனக்குப் பரீட்ச வருது அத்த” என்றேன். பரீட்சை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தலையை ஆட்டிவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பரீட்சைக்கு வேறு ஊர் மிஷனிலிருந்து ஒரு டாக்டர் துரை வந்தார். எல்லாம் வாய்மொழியாகவே கேட்டார். ஒரு கேள்விக்கு எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் தேறிவிட்டேன். அதற்கு அடுத்த வருஷம் ஞானஸ்நானம் பெற்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. அய்யா அதற்கு வரவில்லை. ஆத்தா மட்டும் வந்து மிஷன் கோவிலுக்குள் நுழையாமல் படியில் நின்று பார்த்தாள். அய்யா என்னோடு பேச அப்புறம் நெடுநாள் ஆயிற்று.

பிறகு ராஜபாளையத்தில் மிஷன் ஒரு சின்ன மருந்துக்கூடம் திறந்தபோது என்னை அங்கே அனுப்பினார்கள். முதலில் யாரும் வரவில்லை. தெலுங்கு பேசும் வீடுகளில் தீட்டுப் பார்த்து என்னைக் கொல்லைப்பக்கமாக அழைத்துப்போய், கொல்லைப்பக்கமாகவே அனுப்பிவிடுவார்கள். ஆனால் சோழபுரத்திலிருந்து மட்டும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. கூட நடந்து வருவது பெரும்பாலும் அத்தைதான். யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும், வலி எடுத்ததும் அவளே முன்னின்று வண்டி பூட்டச் சொல்வாளாம். வந்தவர்கள் வாசலில் தயங்கி நின்றால், “பயப்படாம உள்ள போங்கட்டி, அது எங்க வீட்டுப் பிள்ளதான்” என்பாள். என்னை வீட்டுக்கு வா என்று அவள் மறுபடி கேட்கவே இல்லை.