காஸ் துணி போர்த்திய கம்ப்யூட்டர்

கர்ர்... கர்ர்... டொக்.

காலையில் சுவிட்சைப் போட்டால் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் இப்படித்தான் முனகும். ஸ்கிரீனுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய பழைய ஆல்-இன்-ஒன். ராஜபாளையத்தில், புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி தயாரிக்கிற ஒரு பேண்டேஜ் கம்பெனி. பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பது என் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்து, அதை ஆன் செய்துவிட்டு, டீ குடித்து, பேக்கிங் பிரிவு ஜெசிந்தா அக்காவோடு ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்தாலும் அது கண் திறந்திருக்காது.

ஒருநாள் வாசலில் லாரி நிற்கிறது, லேபிள் வரவில்லை. முதலாளி வந்து என் பின்னால் நின்றார்.

"மிஷினும் பழசு, ஆளும் பழசு. அடுத்த மாசம் ரெண்டையும் மாத்திருவோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னதைச் செய்துவிடுகிற ஆள். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. இந்த வேலை போனால் வேறு வேலை யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

எங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தேன். ஹார்ட் டிஸ்க் இழுக்கிறது, அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. என்கிற புது மாதிரி டிஸ்க் போட்டால் வேகமாக ஓடும், ஆனால் அந்தக் காலத்து மாடலைத் திறக்கத் தன்னால் ஆகாது என்றார் கடைக்காரர். பொருளை மட்டும் கொடுங்கள் என்று வாங்கி டிபன் பையில் போட்டுக்கொண்டேன்.

வார லீவு அன்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு நானும் அக்காவும் உள்ளே போனோம். பழைய டிஸ்கில் இருந்ததைப் புதியதில் காப்பி செய்யவே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு ஸ்கிரீனைப் பஞ்சுக் கட்டின் மேல் கவிழ்த்து, ஸ்க்ரூவைக் கழற்றி, காலாவதியான ஏ.டி.எம். கார்டை விட்டு நெம்பினேன்.

"ஏட்டி, உடைஞ்சா என்ன செய்வ?"

"உடைஞ்சாலும் போகப்போற வேலதானக்கா."

பட்டென்று திறந்தது. உள்ளே பார்த்தால்... ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு!

தூசி படக்கூடாதென்று தினமும் சாயங்காலம் கழிவு காஸ் துணியை நாலாக மடித்துப் போர்த்தியது நான்தான். காலையில் முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிடுவேன், பின்னால் அப்படியே தொங்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபேன் அந்தத் துணியின் நூலையெல்லாம் உள்ளே இழுத்திருக்கிறது. இத்தனை நாள் அதன் மூச்சை அடைத்தது நான். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

எல்லாவற்றையும் தூரிகையால் துடைத்தெடுத்தேன். எஸ்.எஸ்.டி. பழைய டிஸ்க் இருந்த இடத்தில் சின்னதாக ஆடியது. முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டினேன்.

மறுநாள் முதலாளி செருப்பைக் கழற்றுவதற்குள் லேபிள் அடித்துக்கொண்டிருந்தேன்.

"புதுசு எப்பம் வந்துச்சு?"

"பழசுதான் சார். நானும் பழசுதான்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

ஜெசிந்தா அக்கா இப்போது வேலையை விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் டீ வருமுன்னே தயாராகிவிடுகிறது. ஊர்க்கதை பேச நேரமில்லை. அந்த கர்ர் சத்தத்தைக்கூட சில நாள் மனசு தேடுகிறது...

போன வாரம் பக்கத்து மேஜைக்குப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது, புது ஆளும் வந்தார். சாயங்காலம் முதலாளியே காஸ் துணியோடு அதைப் போர்த்த வந்தார்.

துணியை அவர் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, என் நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.