தம்பியின் முதல் தடிமனும் பெரியம்மாவும்

இதை நீங்கள் இருவரும் வேறு யாருக்கும் காட்டவேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். கனகம், உன் அக்காவுக்குக்கூடக் காட்டக்கூடாது. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். மண்ணெண்ணெய் கூப்பனுக்குக் கிடைக்கிற இந்த நாட்களில் விளக்கு எரிவதைக் கண்டாலே அடி விழும். எழுதுவது யாரைப் பற்றி என்று தெரிந்தால் என்ன நடக்குமோ தெரியாது.

பெரியம்மா இறந்துவிட்டார். இன்று விடியும்போதே வேலிக்கு அப்பால் அழுகுரல் கேட்டது. அவர் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. இரண்டு வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். ஆனாலும் அம்மா அசையவில்லை. துணி வெளுக்கும் கட்டாடியார் தெருவால் சுற்றி வந்து, வாசல் கடப்படியில் நின்று முறைப்படி சேதி சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு அந்த மரணம் தெரிந்ததாயிற்று.

"ஆர் அனுப்பினது?" என்று அம்மா கேட்டார்.

"உங்கட அத்தான்தான் அம்மா. நாளைக்குக் காலம எடுக்கிறாங்களாம்."

"சரி" என்று சொல்லிவிட்டு அம்மா உலை வைக்கப் போனார். நான் அழுதால் ஏன் என்று கேட்பார் என்பதால் கிணற்றடியில் போய் முகம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

உங்களுக்கு அவரைத் தெரியும். நாம் பள்ளிக்கூடம் போகும்போது வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "ஓடுங்கடி! மணி அடிச்சிட்டு, ரீச்சர் பிரம்பெடுத்திட்டா!" என்பார். மூச்சிரைக்க ஓடிப்போனால் மணி அடித்திருக்காது. மறுநாள் சண்டைக்குப் போனால், "ஓடினாத்தான் நல்லாப் பசிக்கும்கா" என்று சிரிப்பார். அந்தப் பெரியம்மாவைத்தான் நீங்கள் அறிவீர்கள். நான் அறிந்த இன்னொன்றைச் சொல்கிறேன்.

தம்பி பிறந்த புதிதில் அவனைக் குளிப்பாட்டும்போது பெரியம்மா பக்கத்தில் இருந்தார். "இவன்ட மூக்கைப் பாருங்க, அப்படியே என்ட மூக்கு. இவனை எனக்குத் தந்திடுகா தங்கச்சி" என்றார். விளையாட்டுக்குத்தான். பிள்ளையில்லாதவர் சொன்னதால் அம்மாவுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. சில நாளில் தம்பிக்கு மூக்கடைத்துத் தடிமன் பிடித்தது. "மூக்கைச் சொன்னா, மூக்கிலேயே வந்திட்டு" என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். இரண்டு வளவுக்கும் இடையில், வேலியில் நாங்கள் போய்வரும் கடவையையும் கட்டி அடைத்தார்.

தடிமன் குறையவில்லை. வாவிக்காற்று படக்கூடாதென்று குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு, அம்மா தோணியில் அக்கரைக்கு மருந்து வாங்கப் போனார். அப்பா வயல் வட்டையில், நெல் வெட்டு முடியும்வரை வரமாட்டார். கதவு சன்னல் எல்லாம் சாத்தி, சாம்பிராணிப் புகையும் போட்டிருந்தது. தம்பி அழத் தொடங்குவான், அழுகை பாதியில் முறியும், வாயைத் திறந்து காற்றைத் தேடுவான். அவன் உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

"புள்ள, கதவைத் திற!" வெளியே பெரியம்மா. அழுகை முறிவதைக் கேட்டு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மா திறக்கவேணாமெண்டு சொன்னவ."

"உன்ட அம்மாவுக்கு நான் பேய். அவனுக்கு நான் பெரியம்மா. திற மனே!"

திறந்தேன். முதலில் வாவிப் பக்கச் சன்னலைத் தள்ளிவிட்டார். புகைச்சட்டியை முற்றத்தில் வைத்தார். காலை நீட்டி இருந்து தம்பியை மடியில் கிடத்தி, கையோடு கொண்டுவந்த, ஆறவைத்த உப்புத் தண்ணீரைத் துணி நுனியால் அவன் மூக்கில் சொட்டவிட்டார். பிறகு குனிந்து, தன் வாயை அவன் மூக்கில் வைத்து உறிஞ்சித் துப்பினார். மறுபடியும் உறிஞ்சினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது தம்பி முறியாமல், முழுக்குரலில் கத்தினான்.

"கத்துடா, கத்து! அப்படியே உன்ட அம்மாட தொண்டை" என்று பெரியம்மா சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அவன் தூங்கும்வரை தோளில் போட்டு நடந்தார். போகும்போது, "சன்னலைச் சாத்தி வை. நான் வந்தது தெரிஞ்சா அவ பால் குடுக்கிறதுக்கும் பயப்படுவா. நீ சொல்லிப்போடாத" என்றார்.

அம்மா வந்து அவன் நாக்கில் ஒரு சொட்டு மருந்து தீற்றினார். தம்பி விடாமல் பால் குடித்தான். "பாத்தியா, அக்கரை மருந்தெண்டா மருந்துதான்" என்றார் அம்மா. நான் தலையாட்டினேன்.

அதன்பிறகு நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனால் வேலிக்கு அப்பால் ஒரு செருமல் கேட்கும். கிடுகு இடுக்கில் ஒரு விரல் வரும். அவன் அதைப் பிடித்துக்கொள்வான். "மூக்கு ஓடுதா?" "இல்லப் பெரியம்மா." "அது போதும்." அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு காது. இனி எந்தக் குழந்தை அழுதாலும், அது பிடிவாதத்துக்கு அழுகிறதா, மூச்சுக்கு அழுகிறதா என்று எனக்குத் தெரியும். ஆனால் தன் தங்கச்சி வந்து முகம் பார்க்காமலே அவர் போய்விடக்கூடாது. சொல்லாதே என்றவர் இப்போது இல்லை. விடியுமுன் அம்மாவை எழுப்பிச் சொல்லிவிடப் போகிறேன். அடித்தாலும் பரவாயில்லை. எப்படித் தொடங்குவது என்றுதான்

கதவு தட்டுகிறது. அம்மாதான்.

"முழிச்சா இருக்காய் புள்ள? தம்பியைத் தூக்கு. அக்காட முகத்தை அவனுக்கும் ஒருக்காக் காட்டிப்போட்டு வருவம்."