வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு போனவள்

எங்கள் ஊரில் பிறக்கும் பிள்ளைக்குத் தடுப்பூசிக்கு அடுத்தபடி கட்டாயமாகக் கிடைப்பது ஒரு வழிகாட்டி. மேட்டில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் சமூக சேவையும் ஒரு பாடம். செப்டம்பரில் மாணவர்கள் வழிகாட்டிகளாக இறங்கி வருவார்கள். பனி விழுந்து மதிப்பெண்ணும் விழுந்ததும் ஏறிப் போய்விடுவார்கள். யாரிட்ஸா கொயாசோவுக்குப் பத்து வயதிலிருந்து இப்படி வழி காட்டப்பட்டு வருகிறது. இப்போது பதினெட்டு. அவள் இன்னும் எங்கேயும் போய்ச் சேரவில்லை என்பதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவர்கள் சந்திக்கும் இளைஞர் மன்றத்தின் சாவி என்னிடம் இருப்பதால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். நவம்பரில் ஒருமுறை யாரிட்ஸா லேசாகக் கண்கலங்குவாள். வழிகாட்டிகளின் கட்டுரைக்கு அது தேவைப்படும். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். பிறரை அறிவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் தங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு வந்தவள் கிரெட்சன். வயது இருபத்திரண்டு, சொந்தக் கார் உண்டு. உன் கனவு என்ன என்று முதல் நாளே கேட்டாள்.

"உன் காரு," என்றாள் யாரிட்ஸா.

பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் யாரிட்ஸாவுக்கு வேலை தயாராக இருந்தது. அங்கே பஸ் கிடையாது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். ஓட்டுநர் தேர்வுக்கு வண்டியை நாம்தான் கொண்டுபோக வேண்டும். முதல்முறை தன் மாமா வில்பிரெடோவின் லாரி மாதிரியான வண்டியில் போனாள். அதில் பார்க்கிங் பிரேக், ஓட்டுபவரின் இடதுகால் பக்கம் மிதிக்கும் கட்டை. அவசரத்துக்குத் தன் கைக்கு எட்டாது என்று தேர்வு அதிகாரி இஞ்சினைக்கூட அணைக்கவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். வாங்கும்போதே அது அங்கேதான் இருந்தது என்று மாமா வீடு வரைக்கும் வாதாடிக்கொண்டு வந்தார். மறுதேர்வு வெள்ளிக்கிழமை.

கிரெட்சனின் காரில் அந்தப் பிரேக் இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்தது. ஆனால் வழிகாட்டி தன் காரில் பிள்ளைகளை அழைத்துப் போகக்கூடாது என்பது பல்கலைக்கழக விதி. பேராசிரியரைக் கேட்டாள். விதி விதிதான், ஆனால் உனது மனப்போராட்டம் கட்டுரைக்கு அருமையான பொருள் என்று பதில் வந்தது.

"நான் உன்ன கூட்டிட்டுப் போனா கோர்ஸ்லேர்ந்தே தூக்கிடுவாங்கப்பா."

"நீ ஏன் கூட்டிட்டுப் போற? எங்கிட்ட எல்எல்ஆர் இருக்கு. நான் உன்ன கூட்டிட்டுப் போறேன். நீ மகாராணி மாதிரி பக்கத்துல உக்காரு, போதும்."

விதியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கிரெட்சன் நகத்தைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தாள். நான் படித்த தத்துவ ஞானிகளும் அவளுக்கு உதவியிருக்கமாட்டார்கள். கடைசியில் சாவியைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை, பின்னால் எடுத்து நிறுத்தும்போது சக்கரம் நடைபாதை ஓரத்தில் லேசாக உரசியது. அதிகாரி பெருமூச்சுவிட்டார், இருந்தாலும் தேர்ச்சி போட்டார்.

அன்று மாலை மேட்டில் ஒரு கூட்டம். பிறர் துயரை உணர்வது பற்றிக் கிரெட்சன் பேசவேண்டும். யாரிட்ஸா மேட்டுக்குத் திரும்பாமல் நேரே பக்கத்து ஊருக்கு ஓட்டினாள். அவள் முதியோர் இல்லத்துக்குள் போய் லைசென்ஸைக் காட்டிவிட்டு வரும்வரை கிரெட்சன் காரிலேயே காத்திருந்தாள். கூட்டம் அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. மதிப்பெண்ணில் கொஞ்சம் குறைத்தார்களாம்.

இதில் பெரிதாகப் பாராட்ட ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை யாரிட்ஸா மாமாவின் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.