நான் எடுத்த பூ

தம்பிக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. தொட்டால் தோசைக்கல். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில், எது நோய், எது சாமி என்று தீர்ப்புச் சொல்வது அப்பாவின் அக்காதான். அப்பா மில்லில் பெரிய சண்டைக்காரர் என்று கேள்வி. அத்தை எதிரே வந்தால் மட்டும் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

தம்பியின் மார்பில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். அம்மை என்றால் மருந்து கூடாது, ஊசி கூடாது, அடுப்படியில் தாளிக்கக்கூடக் கூடாது.

"கொசுக்கடி மாதிரி இருக்கு அண்ணி. ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடுறேன்" என்றாள் அம்மா.

"வாயக் கழுவுடி! ஆத்தா எறங்கியிருக்கா, கொசுன்றியே. ஊசி கீசி போட்டின்னா புள்ளய வாரிக்கினு போயிடுவா."

அம்மா வெளியே போனாள். திரும்பி வந்தபோது மடியில் செவ்வரளியும் நந்தியாவட்டையும் இருந்தன.

"ஆத்தாளயே கேட்டுடலாம் அண்ணி."

சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். மாரியம்மன் படத்தின் முன்னால் குலுக்கிப் போட வேண்டும். எந்த நிறத்துக்கு என்ன பதில் என்று கேட்பவர் மனசுக்குள் நினைத்துக்கொள்வார், வெளியே சொல்லக் கூடாது. எடுப்பது குழந்தையாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் எழுந்து நிற்கிற நிலையில் இருந்த குழந்தை நான் ஒருத்திதான்.

பாயில் தம்பிக்குக் கண் செருகி, பல் கிட்டியது. தப்பான பொட்டலத்தைத் தொட்டால் அவன் செத்துப்போவான் என்று எனக்குத் தோன்றியது. கால் வழியாக மூத்திரம் இறங்கியது.

"எடு பாப்பா" என்றாள் அம்மா.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பிரித்தால் சிவப்பு.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா? ஆத்தா நெறம். எங்கியும் தூக்கினு போவாதன்றா."

"இல்ல அண்ணி. செவப்பு வந்தா ஆஸ்பத்திரின்னுதான் நான் நெனச்சேன்."

அம்மாவின் மனசுக்குள் எட்டிப் பார்க்க அத்தையாலும் முடியவில்லை. அவள் வாயை மூடுவதற்குள் அம்மா தம்பியைப் பழம்புடவையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

முனையில் ரிக்‌ஷா நின்றது.

"நீ நிக்கச் சொல்லிட்டுப் போனியேன்னு ஒரு சவாரிகூட ஏத்தலம்மா. ஏறு, ஏறு" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, தம்பி பிழைத்து வந்தான். எல்லாம் என் கைராசிதான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் தெருவில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும், பூ எடுத்துத் தர நான் வரட்டுமா என்று போய் நின்றேன்.