ஏழு மணிக் கிரகணம்

அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. அழுகை வரவில்லை. வரவழைக்கவும் தோன்றவில்லை.

அன்று காலை எட்டேகாலுக்குச் சூரிய கிரகணம். தங்கச்சி கொழும்பிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வரப் பதினொரு மணி தாண்டும். அப்பாவுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு போனவள். ஆறு வருசமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. முகத்தையாவது பார்க்க வேண்டும் என்று போனில் கதறியிருந்தாள்.

ஆனால் உடலை எடுக்கும்வரை ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் எட்டு வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். தோட்டத் தலைவர் ஏழு மணிக்கே வந்து நின்றார்.

"கிரகணம் புடிக்கிறதுக்குள்ள எடுத்துருவோம் சேர். புடிச்சிருச்சுன்னா விடுற வரைக்கும் எடுக்கக்கூடாது. ஓடிப்போன புள்ளைக்காக லயமே பட்டினி கெடக்கணுமா?"

நான் விஞ்ஞான வாத்தியார். கிரகணத்தன்று சாப்பிடாதவர்களை வகுப்பில் வாய் வலிக்கக் கிண்டல் செய்தவன். வெளியே ஒரே பனிமூட்டம். சூரியன் எங்கே என்றே தெரியவில்லை.

"இப்பவே புடிச்சிருச்சுங்க" என்றேன். "மூட்டத்துல தெரியல. பதினொன்றரைக்குத்தான் விடும்."

சொல்ல வாய் கூசவில்லை. அதுவும் மரத்துப் போயிருந்தது. தலைவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வெளியே போனார்.

எட்டு மணிக்கு மூட்டம் விலகித் தொலைந்தது. கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் இறங்கி, அப்பாவின் வேட்டியில் முழு வட்டங்களாக விழுந்தது. ஒவ்வொரு வட்டமும் சூரியனின் படம். கிரகணம் பிடித்திருந்தால் ஓரத்தில் கடித்த அடையாளம் தெரிய வேண்டும். என் பொய் அப்பாவின் மேலேயே அப்பட்டமாகக் கிடந்தது. நல்லவேளை, அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

சற்று நேரத்தில் வட்டங்கள் குறையத் தொடங்கின. மண்டை தன்பாட்டில் பாடம் நடத்தியது: சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வருகிறது, அதன் நிழல் நம் மேல் விழுகிறது. அமாவாசைதோறும் ஏன் வருவதில்லை? சந்திரனின் பாதை கொஞ்சம் சாய்ந்தது. பெரும்பாலும் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும். மூன்றும் ஒரே கோட்டில் வந்தால்தான் கிரகணம். பெற்ற தகப்பன் செத்துக் கிடக்கிறார், எனக்குப் பாடம் கேட்கிறது! என்ன ஜென்மமோ நான். அடுத்த வீட்டில் குழந்தை பசியில் அழுதது. யாரோ பிஸ்கட் கொடுத்து அமர்த்தினார்கள்.

பதினொன்றே காலுக்குத் தங்கச்சி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, அப்பாவின் முகத்தில் முகத்தை வைத்து, "வந்துட்டேன்ப்பா, ஒரு வார்த்த திட்டுங்கப்பா" என்று அழுதாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாடையைத் தூக்கும்போது தலைவர் என் பக்கம் குனிந்தார்.

"எட்டேகாலுக்குத்தான் புடிக்கும்னு டீவியில நேத்தே சொல்லிட்டாங்க சேர். லயம் பூரா தெரியும்."

"அப்புறம் ஏங்க பேசாம இருந்தீங்க?"

"நீங்க பொய் பேசுற மனுசன் இல்ல. நீங்களே சொல்றீங்கன்னா, அந்தப் புள்ளைய எம்புட்டு எதிர்பாக்குறீங்கன்னு தெரிஞ்சு போச்சு. யாரும் வாயத் தொறக்கல."

எட்டு வீட்டிலும் ஒரு அடுப்புகூட இன்னும் எரியவில்லை. பாடைக்குத் தோள் கொடுத்தபடியே நான் ஓவென்று அழுதேன்.